முழுக் கடவுள், முழு மனிதர்: நீசேயாவில் தொடங்கிய வழக்கு

2025 நவம்பர் கடைசியில் போப் பதினான்காம் லியோ துருக்கியில் இஸ்னிக் என்ற ஏரிக்கரை ஊருக்குப் போனார், கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர் பர்த்தலமேயுவோடு சேர்ந்து அங்கே ஜெபித்தார். அந்த ஊரின் பழைய பெயர் நீசேயா. கி.பி. 325-ல் அங்கே கூடிய ஆயர்களின் (பிஷப்புகளின்) பொதுச்சங்கத்துக்கு 1700 ஆண்டு நிறைவானதை ஒட்டித்தான் இந்தப் பயணம். செய்தி வந்ததும் கூடவே மூன்று விதமான பேச்சும் வந்துவிட்டது. இயேசுவை ஓட்டுப் போட்டுக் கடவுளாக்கிய இடம் அதுதான் என்று சிலர் சொன்னார்கள், பாதி கடவுள் பாதி மனிதர் என்பதுதானே கிறிஸ்தவர்களின் நம்பிக்கை என்று சிலர் கேட்டார்கள், அவதாரம் என்று நாம் சொல்வதும் அதுவும் ஒன்றுதான் என்று இன்னும் சிலர் முடித்துவிட்டார்கள். மூன்றுமே சரியில்லை. ஆனால் மூன்றுக்கும் பின்னால் நியாயமான கேள்வி இருக்கிறது, அதனால் அடியிலிருந்தே பார்க்கலாம்.

நம்பிக்கை உண்மையில் என்ன சொல்கிறது

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லூத்தரன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தேயினரில் பெரும்பாலோர் என எல்லாரும் ஒத்துக்கொள்ளும் சாரம் இவ்வளவுதான்:

1. நாசரேத்தூர் இயேசு ஒரே ஆள். அவருக்குள் இரண்டு பேர் குடியிருக்கவில்லை.
2. அவர் முழுக்கக் கடவுள். அருள் பெற்ற மகான் அல்ல, தேவதூதர் அல்ல, கடவுளுக்கு அடுத்த படியில் நிற்கும் ஒருவரும் அல்ல.
3. அவர் முழுக்க மனிதர். உடம்பு, மனம், விருப்பம், பசி, பயம், வலி எல்லாம் நமக்கு இருப்பது போலவே அவருக்கும் இருந்தன. பாவம் மட்டும் இல்லை.

இதில் பாதிப் பாதி என்ற கணக்குக்கு இடமே கிடையாது. இரண்டு சொற்களை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளலாம். 'ஆள்' என்றால் யார் என்ற கேள்விக்கான பதில். 'இயல்பு' என்றால் என்னவாக இருக்கிறார் என்ற கேள்விக்கான பதில். இயேசு யார்? ஒருவர். என்னவாக இருக்கிறார்? கடவுளாகவும் இருக்கிறார், மனிதராகவும் இருக்கிறார். ஓர் ஆள், இரண்டு இயல்புகள் என்று பெரும்பாலான சபைகள் இதைத்தான் சுருக்கிச் சொல்கின்றன.

சொல்வது சுலபம். மூன்றையும் ஒரே நேரத்தில் விடாமல் பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம். 325-லிருந்து 681 வரை நடந்த சண்டைகளை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் இந்த மூன்றில் ஒன்றைக் கொஞ்சம் தளர்த்தி மற்ற இரண்டையும் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் சொல்வது போல் இருந்தால் இவர் நம்மை மீட்க முடியுமா? மீட்பு என்றால் இங்கே பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும் மனிதரை விடுவித்துக் கடவுளோடு சேர்ப்பது. இது ஏதோ வார்த்தை விளையாட்டு, அரசியல் சதுரங்கம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தவறவிட்டு விடுகிறார்கள். அரசியல் நிறையவே இருந்தது. ஆனால் அந்த வழக்கை நடத்தியது இந்தக் கேள்விதான்.

சிக்கல் எங்கே தொடங்கியது

முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்று தினமும் சொல்லி வளர்ந்தவர்கள், ஒரு மனிதனை வணங்குவதைப் போல அருவருப்பான காரியம் அவர்களுக்கு வேறு இல்லை. அப்படிப்பட்டவர்களே இயேசுவை நோக்கி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம், இயேசு சிலுவையில் இறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குள் எழுதப்பட்டது. அதன் இரண்டாம் அதிகாரத்திலேயே, கடவுளின் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவம் எடுத்தார், எல்லா முழங்காலும் அவருக்கு முன் மடங்கும் என்ற வரிகள் இருக்கின்றன. யோவான் நற்செய்தியின் முடிவுப் பகுதியில் தோமா உயிர்த்த இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார்.

அதே புத்தகங்களில் இயேசு படகில் அசந்து தூங்குகிறார், நண்பன் லாசருவின் கல்லறையில் அழுகிறார், சிலுவையில் தாகம் என்கிறார். கடைசி நாள் எப்போது வரும் என்பது குமாரனுக்கே தெரியாது என்று மாற்கு 13-ல் அவரே சொல்கிறார். "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்று யோவான் 10-ல் சொன்னவர், நாலு அதிகாரம் தாண்டி "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்கிறார். இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது. இதை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதற்கு முதல் முந்நூறு ஆண்டுகளில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு வாசகம் இல்லை.

ஆரியுஸ் சொன்னது

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் ஒரு பாதிரியார். பக்திமான், நல்ல பேச்சாளர், தன் போதனையைப் பாட்டாகவும் கட்டிப் பரப்பியவர். அவருடைய தர்க்கம் இப்படிப் போகும்: கடவுள் ஒருவரே, அவருக்குத் தொடக்கம் இல்லை. மகன் என்றால் தந்தையிடமிருந்து வந்தவர், வந்தவருக்குத் தொடக்கம் உண்டு. ஆகவே மகன் இல்லாத ஒரு நிலை இருந்திருக்க வேண்டும். மகன் படைப்புகளிலேயே முதலானவர், மிக உயர்ந்தவர், உலகமே அவர் வழியாக உண்டானது, ஆனாலும் படைக்கப்பட்டவர்.

கேட்டால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரே கடவுள் என்ற நம்பிக்கைக்கும் பங்கம் இல்லை. அலெக்சாந்திரியா ஆயர் அலெக்சாந்தரும், அப்போது திருத்தொண்டராக இருந்து பின்னால் அதே நகரின் ஆயரான அத்தனாசியுஸும் இதை ஏன் விடாமல் எதிர்த்தார்கள்? முக்கியமாக இரண்டு காரணம்.

1. இயேசு படைக்கப்பட்டவர் என்றால், சபை இத்தனை காலமும் ஒரு படைப்பை வணங்கியிருக்கிறது. அது சிலைவழிபாடு என்று எதைச் சபை கண்டித்ததோ அதேதான்.
2. படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்க்க முடியாது. சாவுக்கு உட்பட்டவர்களுக்கு அழியாத உயிரைக் கொடுக்க வேண்டுமானால், கொடுப்பவரிடம் அது சொந்தமாக இருக்க வேண்டும், கடனாக அல்ல.

எனக்கு இதில் இரண்டாவதுதான் ஆழமானதாகப் படுகிறது. ஆரியுஸ் சொல்லும் இயேசு கடவுளைப் பற்றி அறிவிக்கலாம், நல்வழி காட்டலாம், ஆனால் கடவுள் நேரில் வரவில்லை, தமக்கும் நமக்கும் நடுவில் ஒருவரை அனுப்பிவிட்டு எட்டவே நின்றுகொண்டார் என்று ஆகிவிடும்.

ஓட்டுப் போட்டார்களா

பேரரசர் கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டினார் என்பது உண்மை. 318 ஆயர்கள் வந்ததாக மரபு சொல்கிறது, 250-லிருந்து 300 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அங்கே எடுத்துக்கொண்ட கேள்வி இயேசு தெய்வமா, வெறும் மனிதரா என்பதே அல்ல. ஆரியுஸ்கூட அவரை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. எந்தப் பொருளில் தெய்வம் என்பதுதான் கேள்வி. சங்கம் தந்த பதில் 'ஹோமோஊசியோஸ்' என்ற கிரேக்கச் சொல். கத்தோலிக்கத் திருப்பலியில் தமிழில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று சொல்வது அதைத்தான். அதற்குச் சற்று முன்னால் வரும் "உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்பது நேராக ஆரியுஸுக்குச் சொன்ன மறுப்பு. கடைசியில் கையெழுத்துப் போட மறுத்து ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்ட ஆயர்கள் இரண்டே பேர்.

அதற்கு முன் யாரும் இயேசுவைக் கடவுளாக வணங்கவில்லை என்பவர்கள் பிளினியின் கடிதத்தைப் பார்க்கலாம். கி.பி. 112 வாக்கில், நீசேயா அடங்கிய அதே பித்தினியா மாகாணத்தை ஆண்ட ரோமானிய ஆளுநர் அவர், கிறிஸ்தவர் அல்ல. தான் விசாரித்த கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, ஒரு தெய்வத்துக்குப் பாடுவது போலக் கிறிஸ்துவுக்குப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு எழுதினார். சங்கத்துக்கு இருநூறு ஆண்டுக்கும் முந்தைய சாட்சி இது. அப்புறம், எந்தெந்தப் புத்தகங்கள் பைபிளில் இருக்க வேண்டும் என்று நீசேயாவில் முடிவு செய்தார்கள் என்பதும் தவறு. அங்கே இயற்றிய 20 சட்டங்களில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

பேரரசர் நினைத்ததை நடத்திக்கொண்டார் என்ற கதையும் நிற்காது. சில ஆண்டுகளில் கான்ஸ்டன்டைனே ஆரியுஸைத் திரும்ப அழைத்தார், அத்தனாசியுஸை ட்ரியர் நகருக்கு நாடு கடத்தினார். 337-ல் சாகும் தறுவாயில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸ் தரப்போடு நின்ற நிக்கோமேதியா ஆயர் யூசேபியுஸ். கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்சியுஸ் நீசேயாவின் வாசகத்தை ஒழிக்க வெளிப்படையாகவே பாடுபட்டார். அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து தடவை விரட்டப்பட்டார், ஏறக்குறைய 17 ஆண்டு தன் ஊருக்கு வெளியே கழிந்தது. அரசு அதிகாரம் மட்டுமே முடிவு செய்திருந்தால் இன்று ஆரியுஸ் சொன்னதுதான் கிறிஸ்தவமாக இருந்திருக்கும். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தில்தான் வழக்கு நீசேயாவின் பக்கம் உறுதியானது. இன்று கோவில்களில் சொல்லும் விசுவாச அறிக்கை அந்த விரிந்த வடிவம்தான்.

எவ்வளவு மனிதர்?

கடவுள் என்பது முடிவானதும் மறுபக்கம் ஆட்டம் கண்டது. நீசேயாவை உறுதியாக ஆதரித்த லவோதிக்கேயா ஆயர் அப்போலினாரிஸ் ஒரு யோசனை சொன்னார்: இயேசுவுக்கு மனித உடம்பு உண்டு, ஆனால் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் கடவுளின் வார்த்தையே, அதாவது கடவுளின் மகனே, இருந்தது. இரண்டு மனம் இருந்தால் இரண்டு ஆள் ஆகிவிடுமே என்ற கவலை அவருக்கு.

நசியான்சு கிரகோரி என்ற ஆயர் இதற்குச் சொன்ன பதில் இந்த முழு வரலாற்றிலும் மிகக் கூர்மையானது: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. நாம் பாவம் செய்வது கை கால்களால் மட்டுமா? திட்டமிடுவதும் பொறாமைப்படுவதும் பயந்து ஒதுங்குவதும் மனம்தான். குணமாக வேண்டியதே அதுதான். அதை விட்டுவிட்டு உடம்பை மட்டும் போர்த்திக்கொண்டு வந்தவரால் நமக்கு ஆகப்போவது கொஞ்சம்தான். கடவுளாக இல்லாவிட்டால் மீட்க முடியாது என்பது அத்தனாசியுஸின் வாதம் என்றால், முழு மனிதராக இல்லாவிட்டால் மீட்கப்படுவது நாம் அல்ல என்பது கிரகோரியின் வாதம். இரண்டும் சேர்ந்தால்தான் நம்பிக்கையின் முழு உருவம் தெரியும்.

ஒருவரா, இருவரா?

428-ல் கான்ஸ்டான்டிநோபிள் ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாளைக் 'கடவுளின் தாய்' என்று அழைப்பதை ஆட்சேபித்தார், 'கிறிஸ்துவின் தாய்' என்றால் போதும் என்றார். நித்தியமான கடவுளுக்குத் தாய் எப்படி என்பது அவர் கேள்வி. அலெக்சாந்திரியா ஆயர் சிரில் இதை வேறு கோணத்தில் பார்த்தார். மரியாள் பெற்றது ஒரு இயல்பை அல்ல, ஒரு ஆளை. அந்த ஆள் கடவுளின் மகன். பிறந்தவர் ஒருவர், கடவுளின் மகன் இன்னொருவர் என்று பிரித்தால் சிலுவையில் இறந்தது யார்? கடவுளோடு நெருக்கமாக இருந்த ஒரு மனிதர் மட்டும் என்றால் மறுபடி பழைய கேள்விதான் வந்து நிற்கும். சிரிலும் அவருக்கு முன்னிருந்தவர்களும் பழுக்கக் காய்ச்சிய இரும்பை உதாரணம் காட்டினார்கள்: நெருப்பு இரும்பாகிவிடவில்லை, இரும்பு நெருப்பாகிவிடவில்லை, ஆனால் தொட்டால் சுடுவது ஒரே பொருள்.

431-ல் எபேசுவில் கூடிய சங்கம் சிரில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நடந்த விதம் அழகானதல்ல. நெஸ்தோரியுஸ் பக்கம் நின்ற அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருமுன்பே சிரில் கூட்டத்தைத் தொடங்கிவிட்டார், அவர்கள் வந்ததும் தனிக் கூட்டம் போட்டு சிரிலைக் கண்டித்தார்கள். 433-ல்தான் இரு தரப்பும் ஒரு சமரச வாசகத்துக்கு வந்தன.

பிறகு யூட்டிக்கஸ் என்ற துறவி மறு எல்லைக்குப் போனார். இரண்டும் ஒன்றான பின் ஒரே இயல்புதான் என்றார், நம்மைப் போன்ற மனித இயல்பு கிறிஸ்துவில் உண்டு என்று ஒப்புக்கொள்ளத் தயங்கினார். 451-ல் கல்சேதோன் நகரில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உள்ள கடிகோய் பகுதியில், கூடிய சங்கம் எல்லாவற்றையும் தொகுத்துச் சொன்னது: ஒரே கிறிஸ்து, இரண்டு இயல்புகளில், கலக்காமலும், மாறாமலும், பிரியாமலும், பிளவுபடாமலும். முதல் இரண்டு யூட்டிக்கஸுக்கு, அடுத்த இரண்டு நெஸ்தோரியுஸுக்கு. நான்கும் எதிர்மறைச் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இது எப்படி நடந்தது என்று சங்கம் விளக்கவில்லை, எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று வேலி மட்டும் போட்டது. கடவுள் மனிதரானதைச் சூத்திரமாக எழுதிவிட முடியும் என்று அவர்கள் நினைக்கவில்லை, அது சரியான அடக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. இயேசுவுக்கு மனித விருப்பம் என்று தனியாக ஒன்று இருந்ததா? கெத்செமனே தோட்டத்தில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்தாரே, சாவுக்கு அஞ்சிய அந்தச் சித்தம் எது? மனித விருப்பம்தான், அது நிஜமாகவே பயந்தது, நிஜமாகவே சம்மதித்தது என்று மாக்சிமுஸ் என்ற துறவி வாதாடினார். பேரரசு அதை விரும்பவில்லை. 662-ல் அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள், அங்கேயே இறந்தார். 681-ல் முடிந்த இன்னொரு சங்கம் அவர் சொன்னதையே ஏற்றுக்கொண்டது.

அவதாரமும் இதுவும் ஒன்றா

தமிழ் வாசகருக்கு இயல்பாக வரும் கேள்வி. 'மனித அவதாரம்' என்ற சொல்லைக் கிறிஸ்தவர்களே பயன்படுத்துகிறார்கள். வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் சென்னை மேயராக இருந்தவருமான வெங்கல் சக்கரை செட்டி, 1920-களில் இயேசுவை அவதாரம் என்று தலைப்பிலேயே வைத்துப் புத்தகம் எழுதினார். கடவுள் இறங்கி வருகிறார், அன்பினால் வருகிறார் என்ற அளவில் ஒப்புமை உண்மையானது. துன்பப்படுவதிலும் வேறுபாடு இல்லை. ராமன் சீதைக்காக அழுகிறான், கண்ணன் வேடனின் அம்பு பட்டு உயிர் விடுகிறான். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது:

1. அவதாரங்கள் பல, யுகந்தோறும் நிகழ்பவை. கிறிஸ்தவத்தில் இது ஒரே ஒரு முறை, போந்தியு பிலாத்து என்ற ஆளுநரின் காலத்தில் என்று தேதியோடு சொல்லப்படுவது.
2. ராமானுஜர் வழி வைணவத்தில் அவதாரத் திருமேனி சுத்த சத்துவம் என்ற களங்கமற்ற தெய்விகப் பொருளால் ஆனது, நம் உடம்பு போல் பிரகிருதியால், அதாவது உலகப் பொருளால், ஆனதல்ல. கல்சேதோன் சொல்வது இதற்கு நேர் எதிர்: அவர் உடம்பும் மனமும் நம்முடையதைப் போன்றவையேதான்.
3. அவதாரம் காரியம் முடிந்ததும் தன்னிடம் திரும்புகிறது. இயேசு உயிர்த்தெழுந்த பிறகும் மனிதராகவே இருக்கிறார், என்றைக்கும் இருப்பார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. சக்கரை செட்டியும் இந்த நிலைத்தன்மையைத்தான் அழுத்திச் சொன்னார்.

எது உயர்ந்தது என்ற பேச்சு இங்கே தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டு மரபுக்கும் நியாயம் செய்ததாகாது. இதே போல, யெகோவாவின் சாட்சிகள் வீட்டு வாசலில் வந்து இயேசு கடவுளின் முதல் படைப்பு என்று சொல்லும்போது, அது ஆரியுஸின் நிலைப்பாட்டுக்கு மிக நெருக்கமானது என்று தெரிந்திருப்பது பேச்சைப் புரிந்துகொள்ள உதவும்.

உடைந்தவை, ஒட்டியவை

கல்சேதோனின் "இரண்டு இயல்புகளில்" என்ற வாசகத்தை எகிப்து, சிரியா, அர்மேனியா, எத்தியோப்பியா சபைகள் ஏற்கவில்லை. அவர்கள் யூட்டிக்கஸையும் கண்டித்தவர்கள். சிரில் பயன்படுத்திய 'மாம்சமான வார்த்தையின் ஒரே இயல்பு' என்ற வாசகத்தையே பிடித்துக்கொண்டார்கள், அந்த ஒன்றுக்குள் கடவுள் தன்மையும் மனிதத் தன்மையும் குறையாமல் இருக்கின்றன என்றார்கள். எபேசுவின் தீர்ப்பை ஏற்காத பாரசீகச் சபை கிழக்கே தனியாக வளர்ந்தது. சென்னை பரங்கிமலையில் 1547-ல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்த, ஓரத்தில் பகலவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த கற்சிலுவை, அந்தப் பாரசீகச் சபையோடு இங்கிருந்த கிறிஸ்தவர்களுக்கு இருந்த தொடர்பின் தடயம்.

1500 ஆண்டுகள் ஒருவரை ஒருவர் மதவிரோதிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்து பேசினார்கள். 1964-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கல்சேதோனை ஏற்ற, ஏற்காத இரு பக்க ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர்கள் கூடி, வாசகம் வேறு, நம்பிக்கை ஒன்று என்ற முடிவுக்கு வந்தார்கள். கேரளத்தின் வி.சி. சாமுவேலும் பின்னாளில் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் ஆன பால் வர்கீஸும் அதில் முக்கியப் பங்கு எடுத்தவர்கள். 1973-ல் போப் ஆறாம் பவுலும் எகிப்தின் கோப்டிக் சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும், 1984-ல் இரண்டாம் யோவான் பவுலும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் தலைவர் முதலாம் சாக்காவும், 1994-ல் அதே போப்பும் அசீரியச் சபையின் நான்காம் தின்காவும் கூட்டு அறிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். 1984 அறிக்கைக்கு நடைமுறைப் பலனும் உண்டு: தங்கள் சபைப் பாதிரியார் கிடைக்காத இடத்தில் ஒரு தரப்பின் விசுவாசிகள் மறு தரப்பின் பாதிரியாரிடம் நற்கருணையும், பாவசங்கீர்த்தனமும், நோயில் பூசுதலும் பெறலாம்.

கேரளத்தில் யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் பிரிவுகள் தேவாலயங்களுக்காக மோதிக்கொள்ளும் செய்தியைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இந்தப் பழைய இறையியல் சண்டைதானோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கிறிஸ்துவைப் பற்றி இரு பிரிவும் நம்புவது ஒன்றே, இரண்டும் கல்சேதோனை ஏற்காத அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே வழக்கு சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையின் அந்தியோக்கியாத் தலைவருக்கு எவ்வளவு அதிகாரம், 1934-ல் எழுதிய சபை அரசியலமைப்பு யாரைக் கட்டுப்படுத்தும் என்பதைப் பற்றியது. 2017 ஜூலை 3-ல் உச்ச நீதிமன்றம் அந்த அரசியலமைப்பின்படியே தேவாலயங்களை நிர்வகிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.